சுல்காட்டா ஆமைக்குஞ்சின் வளர்ப்புப் பெட்டியில் ஈரப்பதமும் பூஞ்சணமும்: ஓர் ஆய்வு

1. முன்னுரை

1.1 சிக்கல்

வீட்டுக்குள் நில ஆமைக் குஞ்சு வளர்ப்போர் விரைவிலேயே ஓர் இக்கட்டைச் சந்திக்கிறார்கள். குஞ்சின் ஓடு சீராக வளர ஈரமான காற்று வேண்டும். அந்த ஈரத்தைப் பெட்டிக்குள் ஏற்படுத்திய சில நாள்களிலேயே மரக்கட்டையின் ஓரத்திலும் தண்ணீர்த் தட்டின் அடியிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூஞ்சணம் படர்கிறது. அதைக் கண்டு அஞ்சி மூடியைத் திறந்து பெட்டியை உலர்த்துகிறார்கள். பூஞ்சணம் அடங்கிவிடுகிறது. ஆனால் மாதங்கள் செல்லச் செல்லக் குஞ்சின் ஓடு தகட்டுக்குத் தகடு கூம்பாகப் புடைக்கிறது. ஈரம், உலர்வு என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்ற எண்ணம் இப்படித்தான் உருவாகிறது.

அந்த எண்ணம் தவறு என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். பூஞ்சணம் வளரத் தேவைப்படுபவற்றுள் பெரும்பாலானவை ஆமைக்கும் தேவை. அவற்றைக் குறைத்தால் ஆமைதான் முதலில் துன்பப்படும். பூஞ்சணத்துக்கு மட்டும் தேவைப்படுபவை சில உண்டு. வளர்ப்பவர் கைவைக்க வேண்டிய இடம் அதுவே.

1.2 ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இனம்

ஆப்பிரிக்கச் சுல்காட்டா ஆமை (சென்ட்ரோகெலிஸ் சுல்காட்டா) இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. சஹாராவின் தென் விளிம்பில், செனகல் தொடங்கி எத்தியோப்பியா வரை நீளும் சாஹேல் நிலப்பகுதியே இதன் தாயகம். தீவுகளில் வாழும் பேராமைகளை விலக்கிப் பார்த்தால் உலகின் மிகப்பெரிய நில ஆமை இதுவே. முட்டையிலிருந்து வரும்போது நான்கைந்து சென்டிமீட்டர் மட்டுமே நீளமுள்ள குஞ்சு, முழு வளர்ச்சியில் 40 முதல் 50 கிலோ எடையை எட்டும்; ஆண் ஆமைகள் அதற்கும் மேலே போகும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீடுகளில் பெருமளவில் வளர்க்கப்படுவதாலும், ஈரப்பதத்துக்கும் ஓட்டு வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு முறையான சோதனைக்கு உள்ளானது இந்த இனத்தில்தான் என்பதாலும் இது தேர்ந்தெடுக்கப்பட்டது.

1.3 எல்லை

இக்கட்டுரை ஆமை வளர்க்கத் தூண்டுவதற்காக எழுதப்பட்டதன்று. சைட்டிஸ் என்னும் பன்னாட்டுக் காட்டுயிர் வணிக உடன்படிக்கை 2000ஆம் ஆண்டிலேயே காட்டில் பிடித்த சுல்காட்டாக்களின் வணிக ஏற்றுமதி அளவைச் சுழியமாக்கிவிட்டது. நம் நாட்டு நட்சத்திர ஆமை 2019இல் சைட்டிஸின் முதல் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். சைட்டிஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதற்கு 2024இல் விதிகள் வந்துள்ளன. ஆனால் பறிமுதல் செய்யப்பட்ட குஞ்சுகளைப் பேணும் மீட்பு மையத்துக்கும், சட்டப்படி வளர்ப்பவருக்கும் இந்த அறிவு தேவைப்படுகிறது. பல பத்தாண்டுகள் வாழக்கூடிய ஓர் உயிரைக் கூரைக்கடியில் அடைத்தபின், அதற்குரிய காற்றைத் தருவது அடைத்தவரின் கடமை.

2. ஆமைக்குஞ்சுக்கு ஈரம் ஏன் வேண்டும்

2.1 வாழிடச் சான்று

"பாலைவன ஆமைக்கு ஈரம் எதற்கு" என்ற கேள்வியே பல தவறுகளுக்கு வேர். சாஹேலின் வானிலைப் பதிவில் உள்ள காற்று, மனிதன் நிற்கும் உயரத்துக் காற்று. குஞ்சு வாழ்வது அங்கில்லை. சுல்காட்டா வளை தோண்டும் ஆமை. பல மீட்டர் நீளமுள்ள வளைகளில் கோடையைக் கழிக்கும். மழைக்காலத்தில் ஈர மண்ணிலும் புல் தூரடியிலும் பதுங்கும். மண் இயற்பியல் இங்கே ஒரு முக்கிய உண்மையைச் சொல்கிறது: செடிகள் வாடிப்போகும் அளவுக்குக் காய்ந்த மண்ணில்கூட, மண்ணிடுக்குக் காற்றின் ஒப்பு ஈரப்பதம் 98 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். மேலே வறட்சி நிலவும்போதும் மண்ணுக்குள் காற்று ஈரமாகவே இருக்கிறது. வளை தோண்டும் உயிர் தேடிப்போவது நிழலை மட்டுமன்று, அந்த ஈரத்தையும்தான்.

2.2 வியன்னாச் சோதனை

ஓடு கூம்பாவதற்குப் புரதம் மிகுந்த உணவே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. வீஸ்னர், ஈபன் ஆகிய இரு ஆய்வாளர்கள் வியன்னாவில் நடத்தி 2003இல் வெளியிட்ட சோதனை அந்த நம்பிக்கையை உலுக்கியது. 50 சுல்காட்டாக் குஞ்சுகளைப் பிரித்து, வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் ஐந்து மாதம் வளர்த்தார்கள். 45 முதல் 99 விழுக்காடு வரை ஈரப்பதம் நிலவிய குழுவைவிட, 24.3 முதல் 57.8 வரையிலும் 30.6 முதல் 74.8 வரையிலும் நிலவிய உலர்ந்த குழுக்களில் கூம்புகள் உயரமாக எழுந்தன. புரதத்தின் பங்கு மிகச் சிறிதாகவே இருந்தது.

இந்த எண்களில் ஒரு நுட்பம் உண்டு. உலர்ந்த குழு ஒன்றின் உச்சவரம்பு 74.8. ஆகவே ஈரப்பதமானி ஒருமுறை 70ஐக் காட்டியது என்பது போதிய சான்றாகாது. நாள் முழுவதும் அது எங்கே தங்குகிறது, எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதே முக்கியம்.

2.3 இயங்குமுறை

ஓட்டின் வெளித்தகடுகள் கெராட்டினால் ஆனவை. ஒவ்வொரு தகடும் தன் விளிம்பில் புதுக் கெராட்டினைச் சேர்த்துக்கொண்டே விரிகிறது. அந்தப் புது விளிம்பு ஈரமாக, இளகியதாக இருந்தால் கிடைமட்டத்தில் விரியும். விரைந்து உலர்ந்து இறுகினால் கீழ்நோக்கி வளைந்து, நடுப்பகுதி மேடாகும், அடியிலுள்ள எலும்பும் அதன் போக்கிலேயே வளரும் என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். எழுந்த கூம்பு பின்னர் தணிவதில்லை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளின் காற்று, அந்த ஆமையின் வாழ்நாள் முழுவதற்குமான உருவத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

3. நீராவியின் கணக்கு

3.1 குளிர்கால அறை

வியன்னாவின் சனவரி மாதத்தை எடுத்துக்கொள்வோம். வெளியே 0° செல்சியஸ். அந்த வெப்பநிலையில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 4.85 கிராம் நீராவியையே தாங்கும். 22° வெப்பமுள்ள அறையின் காற்று 19.4 கிராம் தாங்கவல்லது. 30° வெப்பமுள்ள பெட்டியின் காற்றோ 30.4 கிராம் வரை தாங்கும். வெளிக்காற்று உள்ளே வந்து சூடாகும்போது நீரின் அளவு கூடுவதில்லை, கொள்ளளவு மட்டும் கூடுகிறது. சமையலும் மூச்சும் சேர்ந்து அறையின் ஒப்பு ஈரப்பதம் 30 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், அக்காற்றில் உள்ள நீர் 5.8 கிராம். அதே காற்று பெட்டிக்குள் 30° ஆகும்போது அதன் ஒப்பு ஈரப்பதம் 19 விழுக்காடு. ஆமைக்குஞ்சு சாஹேலின் வளையிலிருந்து சாஹேலின் உச்சிவெயிலுக்குத் தள்ளப்படுகிறது.

3.2 திறந்த பெட்டி ஏன் தோற்கிறது

120 சென்டிமீட்டர் நீளமும் 60 அகலமும் 60 உயரமும் உள்ள பெட்டியின் கொள்ளளவு 0.432 கனமீட்டர். 30° வெப்பத்தில், நாம் இலக்காகக் கொள்ளும் 80 விழுக்காடு ஈரப்பதத்துக்கு அதன் காற்றில் இருக்கவேண்டிய நீர் சுமார் 10.5 கிராம்தான், அதாவது இரண்டு தேக்கரண்டி. இவ்வளவு சிறிய தேவையை நிறைவேற்ற முடியாமல் போவதற்குக் காரணம் காற்றுப் பரிமாற்றம். மணிக்கு ஒருமுறை பெட்டியின் காற்று அறைக்காற்றோடு மாறினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 190 கிராம் நீர் வெளியேறும். ஒரு தம்ளர் தண்ணீரில் அதை ஈடுசெய்யலாம். மேற்புறம் திறந்த பெட்டியில் மணிக்குப் பத்துமுறை மாறுவதாகக் கொண்டால் இழப்பு நாளுக்கு 1.9 லிட்டர்.

இழப்பு நீரோடு நிற்பதில்லை. அவ்வளவு நீர் ஆவியாக இடைவிடாமல் சுமார் 54 வாட் வெப்பம் செலவாகும். அதை ஈடுகட்ட வளர்ப்பவர் பெரிய விளக்கைப் போடுகிறார். பெரிய விளக்கு ஓட்டையும் படுகையையும் மேலும் உலர்த்துகிறது. உலர்ந்ததைக் கண்டு மேலே தண்ணீர் தெளிக்கிறார். இப்படி மேற்பரப்பு நனைவதும் காய்வதுமாக இருக்க, காற்று மட்டும் உலர்ந்தே நிற்கிறது. பூஞ்சணமும் கூம்பும் ஒரே பெட்டியில் சேர்ந்து தோன்றும் விந்தைக்கு விடை இதுதான்.

3.3 பனிநிலை

30° வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை சுமார் 26°. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். குளிர்ந்த நீர் நிரம்பிய சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலத்தான். 22° அறையில் நிற்கும் ஒற்றைக் கண்ணாடிச் சுவரின் வெப்பநிலை, உள்ளும் புறமும் உள்ள வெப்பநிலைகளுக்கு ஏறத்தாழ நடுவில், அதாவது 26° அருகில் அமையும். சரியாகப் பனிநிலை விளிம்பு அது. அறை சற்றுக் குளிர்ந்தாலும் கண்ணாடியில் நீர் வழிந்து படுகையின் ஓரத்தை ஊறவைக்கும். பூஞ்சணம் பெரும்பாலும் பின்சுவரோரத்திலும் மூலைகளிலும் தொடங்குவதன் காரணம் இதுவே. அதே கண்ணாடியின் வெளிப்புறத்தில் 2 சென்டிமீட்டர் தடிப்புள்ள வெப்பத்தடுப்பு நுரைப்பலகையை ஒட்டினால் உட்பரப்பு 28°ஐத் தாண்டிவிடும், வியர்ப்பு நின்றுவிடும். காற்றின் ஈரத்தில் ஒரு கிராம்கூடக் குறைக்காமல் பூஞ்சணத்தின் ஒரு முக்கிய வாசலை அடைத்துவிடலாம்.

4. பூஞ்சணத்தின் தேவைகள்

பூஞ்சணம் வளர ஐந்து தேவைகள் உண்டு: வித்து, வெப்பம், உயிர்வளி, நீர், உணவு. இவற்றோடு இடையூறில்லாத காலமும் வேண்டும்.

வித்துகள் எல்லாக் காற்றிலும் மிதக்கின்றன. ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம், டிரைக்கோடெர்மா, ரைசோபஸ் ஆகியவற்றின் வித்துகள் படுகையோடும் கீரையோடும் ஆமையின் காலோடும் வந்துகொண்டே இருக்கும். அவற்றை முற்றாக நீக்குவது இயலாத செயல். வெப்பத்தைப் பொறுத்தவரை பெரும்பாலான பூஞ்சணங்கள் 20 முதல் 30° வரை செழிக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸ் 37°யைத் தாண்டியும் நன்கு வளரும். ஆமைக்கு வேண்டிய வெப்பமும் இந்த எல்லைக்குள்ளேயே இருப்பதால் அதைக் குறைக்க வழியில்லை. உயிர்வளியையும் தடுக்க முடியாது. நீரைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. பெரும்பாலான பூஞ்சணங்களுக்குத் தாம் ஒட்டியிருக்கும் பரப்பை ஒட்டிய காற்றில் சுமார் 80 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும்; வறட்சி தாங்கும் சில வகைகள் அதற்குக் கீழும் பிழைக்கும். ஆமைக்குஞ்சுக்கு நாம் தரும் காற்றே 80 என்கையில், பரப்பில் நீர் சொட்டாவிட்டாலும் பூஞ்சணத்துக்கான குறைந்தபட்ச ஈரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

எனவே நான்கு தேவைகள் ஏற்கெனவே நிறைவேறிவிட்டன. மிஞ்சி நிற்பவை உணவும் காலமும். வித்து ஓர் ஈரமான உணவின்மேல் விழுந்து, முளைத்து, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் படர இரண்டு முதல் நான்கு நாள் பிடிக்கும். அந்த இடைவெளிக்குள் உணவை அகற்றிவிட்டால், ஈரம் எவ்வளவு இருந்தாலும் பூஞ்சணம் பெருகாது. இதன்படி, பூஞ்சண மேலாண்மை என்பது முதன்மையாக உணவு மேலாண்மை. ஈர மேலாண்மையின் பங்கு, தேங்கும் நீரைத் தவிர்ப்பதோடு முடிந்துவிடுகிறது.

5. தீங்கின் அளவு

5.1 மூச்சுறுப்பு

ஆமைக்கு உதரவிதானம் கிடையாது. நுரையீரல்கள் மேலோட்டின் அடியில் ஒட்டி அமைந்துள்ளன. மனிதரைப்போல இருமிச் சளியை வெளியேற்ற அதனால் முடியாது. உள்ளே சேர்ந்தது உள்ளேயே தங்கும். பூஞ்சணம் பிடித்த பொருளைக் கிளறும்போது எழும் வித்துகள் மிகுதியாக உள்ளே போனால், வலுவிழந்த குஞ்சுகளில் பூஞ்சை நுரையீரல் அழற்சி தோன்றலாம். மூக்கில் குமிழி, வாய் திறந்து மூச்சு விடுதல், கழுத்தை நீட்டித் தவித்தல், உணவை ஒதுக்குதல் ஆகியவை கண்டால் ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் தாமதமின்றிக் கொண்டுசெல்ல வேண்டும். வீட்டு வைத்தியத்துக்கு இங்கு இடமில்லை.

இதில் வெப்பத்தின் பங்கு பெரிது. ஊர்வனவற்றின் நோய் எதிர்ப்பாற்றல் உடல் வெப்பத்தைச் சார்ந்தது. ஈரமும் சூடும் சேர்ந்த காற்றில் குஞ்சு நலமாக இருக்கும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் நோய் வரும். ஈரப்பதத்தை உயர்த்தும் வளர்ப்பவர் இரவு வெப்பம் 27°க்குக் கீழே இறங்காமல் காப்பது இதனால்தான் இன்றியமையாதது.

5.2 அடி ஓடு

இரவும் பகலும் நனைந்த பரப்பில் கிடக்கும் ஆமையின் அடி ஓடு இளகிப் பள்ளம் விழும். சிவந்த திட்டுகளும் துர்நாற்றமும் தோன்றும். இந்த ஓட்டழுகலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்தே பங்கேற்கின்றன. ஈரம் காற்றிலும் படுகையின் ஆழத்திலும் இருக்க வேண்டும். ஆமையின் வயிறு படும் மேற்பரப்பு தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும்.

5.3 உணவு வழியும் மனிதர் வழியும்

பூஞ்சணம் பிடித்த உணவில் நச்சுப்பொருள்கள் உருவாகக்கூடும். சுல்காட்டாவின் முதன்மை உணவான உலர்புல்லை ஈரப்பெட்டிக்குள் குவித்து வைப்பது இருமடங்கு தவறு. பூஞ்சணம் பிடித்த உலர்புல்லின் தூசி மனிதருக்கே 'உழவர் நுரையீரல்' எனப்படும் நோயை உண்டாக்கும் என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தி. பெட்டியைத் துப்புரவு செய்பவர் முகக்கவசம் அணிவது தம் நலனுக்காகவும்தான்.

6. தரைப்படுகை: நீரின் கிடங்கு

6.1 தேர்வு

பெட்டியின் காற்றில் இருப்பது இரண்டு தேக்கரண்டி நீர் என்று கண்டோம். உண்மையான நீர்க்கிடங்கு தரைப்படுகைதான். அதே பெட்டியில் 10 சென்டிமீட்டர் ஆழப் படுகையின் கன அளவு 72 லிட்டர். அது பல லிட்டர் நீரைத் தாங்கி, இழப்புக்கேற்ப மெல்ல மெல்ல ஆவியாக விடும். ஈரப்பதத்தின் நிலைத்தன்மை படுகையின் ஆழத்தைச் சார்ந்தது. தெளிப்பானின் வேகத்தைச் சார்ந்ததன்று.

நன்கு கழுவி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவும், சிறு துண்டுகளாக்கிய ஊசியிலை மரப்பட்டையும் ஏற்றவை. மணல் ஈரத்தைத் தேக்காது, விழுங்கினால் குடலையும் அடைக்கும். தேவதாரு வகை மரத்தூளின் மணநெய்கள் மூச்சுக்குழலை எரிச்சலூட்டும். செய்தித்தாளும் மரத்தூள் உருண்டைகளும் ஈரத்தில் ஊறி நேரடியாகப் பூஞ்சண உணவாகிவிடும்.

6.2 நார்க்கழிவு கற்பிக்கும் பாடம்

உலகெங்கும் ஆமைப் பெட்டிகளில் பயன்படும் நார்க்கழிவுக் கட்டிகளில் கணிசமானவை பொள்ளாச்சி வட்டாரத்திலும் இலங்கையிலும் உருவாகுபவை. கயிறு ஆலைகளின் அருகே இந்தக் கழிவு ஆண்டுக்கணக்கில் மக்காமல் மலையாகக் குவிந்து கிடப்பதைக் கண்டவர்கள் பலர். மழையில் நனைந்தும் அது ஏன் மக்குவதில்லை? அதில் எளிதில் மக்காத லிக்னின் மிகுதி. கரிமத்தோடு ஒப்பிட்டால் தழைச்சத்து மிகக் குறைவு, கரிம-தழைச்சத்து விகிதம் நூறுக்கு ஒன்றை ஒட்டியே இருக்கும். பூஞ்சைகளுக்கு உடல் கட்டத் தழைச்சத்து வேண்டும். அது கிடைக்காதவரை அவை அடங்கியே இருக்கும். அதனால்தான் நார்க்கழிவை உரமாக்க நம் வேளாண் வல்லுநர்கள் யூரியாவையும் சிப்பிக்காளான் வித்தையும் சேர்க்கச் சொல்கிறார்கள்.

பெட்டிக்குள் இந்த யூரியாவின் வேலையைச் செய்வது ஆமையின் எச்சமும் மிச்சம் கிடக்கும் கீரையும். தழைச்சத்து இல்லாத நனைந்த நார்க்கழிவில் பூஞ்சணம் தள்ளாடும். ஒரு பிடி எச்சம் கலந்ததும் அங்கே விருந்து தொடங்கும். பூஞ்சணத் திட்டு எங்கே தோன்றினாலும் அதனடியில் ஏதோ ஒன்று மக்கிக்கொண்டிருக்கிறது என்று கருதித் தோண்டிப் பார்ப்பது பயனுள்ள பழக்கம்.

6.3 நீரூற்றும் முறை

மேலே தெளிக்காமல், நான்கு மூலைகளிலும் ஊற்றி அடிப்பகுதியை நனைக்க வேண்டும். நீர் அடியில் பரவி மேல்நோக்கி ஏறும். மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உலர்ந்தே இருக்கும். கையில் அள்ளிப் பிழிந்தால் அடிப்படுகை உருண்டை பிடிக்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. அடியில் குளமாக நீர் நின்றால் உயிர்வளியின்றி அழுகல் நாற்றம் எழும். அப்போது ஊற்றுவதை நிறுத்திக் கிளறிவிட வேண்டும். மீயொலிப் பனிமூட்டக் கருவிகள் தண்ணீரிலுள்ள உப்பையும் கிருமியையும் நுண்துளிகளாக்கி நேரே நுரையீரலுக்கு அனுப்பும்; அடியிலிருந்து எழும் ஆவிக்கு அவை மாற்றாகா.

7. அன்றாட மேலாண்மை

7.1 கட்டமைப்பு

மேற்புறமும் பக்கங்களும் மூடிய பெட்டியே அடிப்படை. விளக்கும் வெப்பக் கருவியும் உள்ளேயே, உறுதியாகப் பிணைத்து, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைக்கப்பட வேண்டும். ஒட்டுப்பலகையில் செய்த பெட்டியானால் உட்புறமும் வெட்டுமுனைகளும் நீர் புகாத பூச்சால் மூடப்பட வேண்டும். பலகையின் முனை நீரை உறிஞ்சினால் பூஞ்சணம் மரத்துக்குள்ளேயே குடியேறிவிடும், பிறகு அதை வெளியேற்ற வழியில்லை. குளிர்ந்த வெளிச்சுவரை ஒட்டிப் பெட்டியை வைக்காமல் இடைவெளி விட வேண்டும்.

காற்றோட்டம் என்ற சொல்லால் இருவேறு செயல்கள் குறிக்கப்படுகின்றன: வெளிக்காற்றோடு பரிமாறுதல், உட்காற்றை உள்ளேயே கலத்தல். முதலாவது ஈரத்தை இழக்கச் செய்யும். கதவைத் திறந்து மூடும்போதும் இணைப்புகளின் கசிவிலும் நிகழும் பரிமாற்றமே பெரும்பாலும் போதும். இரண்டாவது ஈரத்தை இழக்காமலே மூலைகளின் தேக்கத்தைக் கலைத்து, குளிர்ந்த இடங்களைச் சமன்செய்யும். ஆமையின் உடலில் நேராகப் படாதவாறு மேலே பொருத்திய சிறு கணினி விசிறி ஒன்று மெல்லச் சுழன்றாலே இதைச் செய்துவிடும்.

7.2 அளவீடு

ஈரப்பதமானி ஆமையின் முதுகு உயரத்தில் இருக்க வேண்டும்; கூரையருகே வைத்தால் வேறோர் உலகின் எண்ணைக் காட்டும். சூடான முனையிலும் குளிர்ந்த முனையிலும் ஒவ்வொன்று தேவை. கருவியின் உண்மையை வீட்டிலேயே சோதிக்கலாம்: சில துளி நீர் விட்டுக் குழைத்த சமையல் உப்பை ஒரு சிறு மூடியில் எடுத்து, கருவியோடு காற்றுப்புகாத டப்பாவில் ஓர் இரவு வைத்தால், 25° அறையில் உள்ளே 75 விழுக்காடு நிலவும். கருவி வேறெண் காட்டினால் வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு கழித்துப் படிக்கலாம்.

7.3 உணவை அகற்றும் ஒழுங்கு

பூஞ்சணத்தை வெல்லும் பணியில் பாதிக்குமேல் இந்த ஒழுங்கே. உணவைப் படுகையில் போடாமல் தட்டைக் கல்லின்மேல் வைக்க வேண்டும். ஈரம் படாத இடம் என்பதோடு ஆமையின் அலகும் நகமும் தேயும். மிச்சத்தை அன்று மாலையே எடுத்துவிட வேண்டும். எச்சத்தைக் கண்டவுடன் சுற்றியுள்ள ஒரு கைப்பிடிப் படுகையோடு சேர்த்து அள்ள வேண்டும்.

குஞ்சுக்கு நாள்தோறும் வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் 20 நிமிட அளவு ஊறல் தருவது நீரிழப்பைத் தடுக்கும். அதில் மற்றொரு பயனும் அடங்கியுள்ளது: பெரும்பாலான குஞ்சுகள் அந்த நீரிலேயே கழிக்கும். படுகைக்குப் போயிருக்க வேண்டிய தழைச்சத்து தொட்டியோடு வெளியே போகிறது. ஆமையின் உடல்நலத்துக்காகச் செய்யும் செயலே பூஞ்சணத்தையும் பட்டினி போடுகிறது.

வாரம் ஒருமுறை தண்ணீர்த் தட்டு, மறைவிடம், கட்டை ஆகியவற்றைத் தூக்கி அடிப்புறத்தைப் பார்த்து இடம் மாற்றி வைக்க வேண்டும். படுகையையும் கிளறிவிட வேண்டும். பூஞ்சை இழைகள் அறுபட்டுக் காலம் என்ற தேவை அவற்றுக்குக் கிடைக்காமல் போகும்.

7.4 துணை உயிர்கள்

ஃபோல்சோமியா கேண்டிடா என்னும், அரிசி நுனி அளவே உள்ள துள்ளும் வெள்ளைச் சிற்றுயிர் பூஞ்சை இழைகளை உண்டு வாழ்வது. இறால், நண்டின் நிலத்து உறவினரான ஐசோபாடுகள் எச்சத்தையும் அழுகும் தழையையும் உண்பவை. இவற்றை ஈரப்படுகையில் குடியேற்றினால் மனிதக் கண்ணுக்குத் தப்பிய உணவை இவை தீர்க்கும். அன்றாடத் துப்புரவுக்கு இவை துணை மட்டுமே. அதற்கு மாற்றாக நம்பினால் எச்சம் வெல்லும்.

8. பூஞ்சணம் கண்டபின்

எல்லாப் பூஞ்சணமும் ஒரே அளவு அபாயம் உடையதன்று. புதிதாக வைத்த மரக்கட்டையில் முதல் சில வாரங்களில் வெள்ளைப் பஞ்சு போலப் படர்வது, மரத்தின் எளிய சர்க்கரைகள் தீர்ந்ததும் தானே அடங்கும். துடைத்து வெயிலில் காயவைத்தால் போதும். பச்சையாகவோ கறுப்பாகவோ தூள் பறக்கும் திட்டுகள் வித்து பரப்பும் நிலையில் உள்ளவை. அவற்றை உலர்ந்த நிலையில் கிளறக்கூடாது. ஆமையை வெளியே எடுத்துவிட்டு, மேலே நீர் தெளித்து வித்துகளை அடக்கி, சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குப் படுகையோடு அள்ளி வெளியேற்ற வேண்டும். படுகையில் மஞ்சள் நிறச் சிறு காளான்கள் எழுந்தால் உடனே பறித்தெறிய வேண்டும். ஆமை அவற்றை ஆவலோடு தின்னும், சில வகைகள் நச்சுடையவை.

ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தோன்றினால் அந்த இடத்தின் குறையைத் தேட வேண்டும்: வியர்க்கும் சுவரா, கசியும் தட்டா, புதைந்த எச்சமா? முழுப் படுகையையும் மாற்ற நேர்ந்தால், வெறும் பெட்டியை முதலில் சோப்புநீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கு இருக்கும்போது குளோரின் வெளுப்பி வலுவிழந்துவிடும். பிறகு பத்தில் ஒரு பங்காகக் கலந்த வீட்டு வெளுப்பியைப் பூசி, ஊறவிட்டு, கழுவி, வாடை முற்றும் போகும்வரை காயவைக்க வேண்டும். வெளுப்பியோடு வினிகர் சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு வெளிப்படும் என்பதை மறக்கலாகாது. ஆமை இருக்கும் பெட்டியில் பூஞ்சைக்கொல்லி தெளிப்பது எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று.

9. இனமும் வயதும்

இதுவரை கூறிய எண்கள் சுல்காட்டாக் குஞ்சுக்குரியவை. ஆமை வளர வளர உடலின் கன அளவோடு ஒப்பிட்ட பரப்பு குறைவதால் நீரிழப்பு மட்டுப்படும். ஓட்டின் வளர்ச்சி வேகமும் தணியும். பெரிய சுல்காட்டாவுக்குப் பெட்டி முழுதும் ஈரமாக இருக்க வேண்டியதில்லை. வளையை ஒத்த ஈர மறைவிடம் ஒன்று போதும். தென்னமெரிக்கச் செங்கால் ஆமைக்கு வாழ்நாள் முழுதும் ஈரக்காற்று தேவை. மத்தியதரைக்கடல் பகுதியின் ஹெர்மன் ஆமைக்கு, குஞ்சுப் பருவம் கடந்தபின், உலர்ந்த பரப்பும் ஈரமான ஒரு மறைவிடமும் சேர்ந்த அமைப்பே பொருந்தும். எண்கள் மாறும்; ஈரம் ஆழத்தில், மேற்பரப்பு உலர்வாக, உணவு அகற்றப்பட்டு என்ற நெறி மாறாது.

10. முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகளை இவ்வாறு தொகுக்கலாம்.

முதலாவது, வளரும் சுல்காட்டாக் குஞ்சுக்கு ஈரமான, சூடான காற்று வளர்ப்பவர் விரும்பினால் தரும் சலுகையன்று. ஓட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் அடிப்படைத் தேவை.

இரண்டாவது, குளிர்நாட்டு அறையில் அந்தக் காற்றைத் திறந்த பெட்டியில் நிலைநிறுத்த முடியாது. மூடிய பெட்டியும் ஆழமான ஈரப்படுகையும் அதை இரண்டு தேக்கரண்டி நீரின் சிக்கலாகச் சுருக்கிவிடும்.

மூன்றாவது, காற்றின் ஈரமும் பரப்பின் ஈரமும் வெவ்வேறு. வியர்க்கும் சுவருக்கு வெப்பத்தடுப்பும், தேங்கும் மூலைக்கு உள்விசிறியும், மேற்பரப்பை நனைக்காத நீரூற்றலும் இரண்டையும் பிரித்து ஆளும் கருவிகள்.

நான்காவது, பூஞ்சணத்தின் தேவைகளுள் ஆமையைப் பாதிக்காமல் நாம் பறிக்கக்கூடியவை உணவும் காலமும் மட்டுமே. மாலைதோறும் மிச்சத்தை எடுப்பதும், எச்சத்தை உடனே அள்ளுவதும், நாள்தோறும் ஊறல் தருவதும், வாரம்தோறும் கிளறுவதும் எந்த மருந்தைவிடவும் வலிமையானவை.

இந்நான்கையும் ஏற்றால், பூஞ்சணத்தைக் கண்டதும் மூடியைத் திறந்து உலர்த்தும் வழக்கத்துக்கு இடமிராது. உலர்த்துவது வளர்ப்பவருக்குச் சில நிமிட வேலை. அதன் விலையைத் தன் ஓட்டில் பல பத்தாண்டுகள் சுமப்பது ஆமை. அதனால், மருத்துவமனைகளும் மீட்பு மையங்களும் வளர்ப்பவருக்குத் தரும் அறிவுரைக் குறிப்புகளில் "ஈரத்தைக் குறையுங்கள்" என்ற ஒற்றை வரி நீக்கப்பட்டு, "படுகையை ஆழமாக்குங்கள், சுவரைச் சூடாக்குங்கள், மிச்சத்தை அன்றே எடுங்கள்" என்ற மூன்று வரிகள் இடம்பெற வேண்டும்.